எங்கே நிறுத்துவதென்று தெரியாத வரி

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கரன்ட் போனது. போன சுருக்கில் திரும்பியும் வந்துவிட்டது. ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான்.

மாமல்லபுரத்தில் நான் வேலை பார்க்கும் சின்ன ஓட்டலின் வரவேற்பு மேசையில் அப்போது நான் மட்டும் இருந்தேன். செங்கல்பட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கைப்பையை இழுப்பறைக்குள் தள்ளி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தரையில் பினாயில் ஈரம் காயவில்லை. மின்விசிறி நின்று, யோசித்து, மறுபடி சுற்றியது. மீன்தொட்டி விளக்கு அணைந்து எரிந்தது. மேசைக் கணினியும் அணைந்து, தானாகவே எழுந்துகொண்டது. கணினி அணையாமல் காக்க வேண்டிய பேட்டரிப் பெட்டி, உள்ளே சத்தில்லாமல், மேசைக்கடியில் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

வழக்கமாக அந்தக் கணினி எழும்போது ஒரு நீலப் படம் வரும். பிறகு அறைக் கணக்கு, விருந்தினர் பெயர்கள், பில் போடும் பக்கம். அன்று எதுவும் வரவில்லை. திரை கறுப்பாகவே நின்றது. இடது மேல் மூலையில், பழைய தட்டச்சு போல வெள்ளை எழுத்தில் ஒரு வரி.

AMMA KADHAVA THORA

அதை ஒட்டியே, எழுத்தென்று சொல்ல முடியாத என்னென்னவோ. ஒரு சிரிக்கும் முகம். ஒரு சங்கீதக் குறி. ஒன்றின் கீழ் நான்கு போட்டுக் கால் என்று எழுதுவோமே, அது. சீட்டுக்கட்டில் வருகிற மாதிரி ஒரு டைமண்டு. இரட்டைக் கோடு, அதன் முனையில் ஓர் அம்பு. பிறகு ஒரு சிறு கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.

அம்மா, கதவத் தொற. அதை அப்படி என்னிடம் சொல்கிற ஒரே ஆள் என் மகள் ஜெனி. அவள் என்னோடு பேசிப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

இந்தத் தொடரில் இதுவரை மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பற்றித்தான் எழுதி வந்தேன். தேனிலவுக்கு வந்து தனித்தனி அறை கேட்ட தம்பதி, நாய்க்குட்டியைச் சூட்கேஸில் கடத்தி வந்த டாக்டர் என்று. இந்த வாரம் என் வீட்டைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது. எழுத உட்கார்ந்து இரண்டு முறை எழுந்து போய்விட்டேன்.

பெட்டி கூப்பிடுகிறது

முதலில் அதைப் படித்துச் சொன்னவன் முனுசாமி. எங்கள் ஓட்டலின் வாட்ச்மேன். இரவுப் பணி முடிந்து, வீட்டுக்குக் கிளம்புமுன் என்னிடம் வந்து ஒரு வம்பு பேசிவிட்டுத்தான் போவான். மேசை மேல் எட்டிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான்.

"இன்னாக்கா, பொட்டி உன்ன கூப்டுகினு கீது?"

"என்ன எதுக்குக் கூப்பிடப் போவுது? அம்மாவக் கூப்பிடுது."

"இங்க அம்மான்னு நீ ஒர்த்திதான கீற. தொறந்து வுடேன். பாவம், இன்னாத்துக்கு வெளியே நிக்க வெச்சுகினு?"

அவன் சிரித்தான். திரையிலிருந்த முகமும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"யக்கா, இன்னா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டி ஆயிடுச்சு?"

"ஒண்ணும் இல்ல. நீ போய்ப் பாலு வாங்கிட்டு வந்துடு. ரூம்ல காபி கேப்பாங்க."

அவன் போனதும் ஜெனிக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் தமிழில் சொன்னது, ஆங்கிலத்தில் சொன்னது. மறுபடி போட்டேன். மறுபடியும் இரண்டு மொழியிலும் சொன்னது.

ஒரு பெண் போனை அணைத்துவிட்டு எங்கோ இருக்கிறாள். அவள் வாய்ச்சொல் என் முன்னால், அவள் தொட்டே இருக்காத ஒரு கணினியில் நிற்கிறது. முதலில் தோன்றியது, அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது, அவள் என்னைக் கூப்பிடுகிறாள் என்பதுதான். நான் பி.காம் படித்தவள். கணினி அப்படியெல்லாம் கூப்பிடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உலகத்துக்கு எதற்கு ஹலோ

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜெனி கல்லூரியில் கணினிதான் படித்தாள். மற்றப் பிள்ளைகள் போனில் ஓடுகிற பளபளப்பான செயலிகளைச் செய்துகொண்டிருந்தபோது, இவள் மட்டும் யாரோ தூக்கிப் போட்ட பழைய கணினி ஒன்றைக் கொண்டுவந்து, உள்ளறையில் மூடியைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விண்டோஸ் இல்லாமல், வேறு எதுவும் இல்லாமல், அந்தத் திரையில் தன் எழுத்தை வரவைக்கவேண்டுமாம்.

"எதுவுமே இல்லன்னா எப்படிடி வரும்?" என்று கேட்டேன்.

"மிஷின் எழுந்திருக்கும்போது அதுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. டிஸ்க்கோட முதல் துண்டு இருக்கு பாரு, ஐந்நூத்திச் சொச்சம் எடம்தான், அத மட்டும் எடுத்துப் படிக்கும். அந்தத் துண்டோட கடைசில ரெண்டு அடையாளம் இருந்தா நம்பிடும். அதுல இன்னா எழுதியிருக்கோ அதச் செய்யும். விண்டோஸ்கூட அப்படித்தான் உள்ள வருது. நான் அந்த எடத்துல என்னோடத வெக்கப் போறேன்."

அது அசெம்பிளி என்ற மொழியில் எழுதவேண்டுமாம். ஓர் எழுத்தைக் கையில் எடு, திரையில் போடு, அடுத்ததை எடு, போடு. குழந்தைக்குச் சோறு ஊட்டச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் அதற்குப் புரியும் என்றாள்.

ஒருநாள் சாயந்திரம் சமையலறையிலிருந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். என் கையில் தோசைக் கரண்டி. கறுப்புத் திரையில் ஒரே ஓர் எழுத்து. A.

"இதுக்கா?"

"நான் போட்டதும்மா. நடுவுல எவனும் இல்ல. நானும் மிஷினும் மட்டும்தான்."

அவள் முகத்தை அப்படி ஒரு மலர்ச்சியில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் எனக்குப் பெருமை வரவில்லை, பயம் வந்தது. நடுவில் எவனுமே இல்லாத இடத்தில் இந்தப் பெண்ணுக்கு என்ன வேலை? அடுப்பில் தோசை தீய்ந்த வாசம் வந்தது. ஓடினேன்.

சில நாள் கழித்து முழு வரி வந்தது. எல்லோரும் முதலில் 'ஹலோ வேர்ல்டு' என்றுதான் போடுவார்களாம். "உலகம் எனக்கு இன்னா பண்ணுச்சு, அதுக்கு ஹலோ சொல்ல?" என்றாள். அதற்குப் பதிலாகத் தினமும் அவள் வாயில் வருகிற வரியைப் போட்டிருந்தாள். ஜெனி சாவி எடுத்துப் போக மாட்டாள். பள்ளி நாளிலிருந்தே அப்படித்தான். நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருப்பேன். முன்கதவுத் தாழ்ப்பாள் ஆடும். தெருவுக்கே கேட்கும்: "அம்மா, கதவத் தொற."

அதைத் தமிழிலேயே போடுவதற்கென்ன என்று கேட்டேன். "மிஷினுக்குப் பொறக்கும்போதே தெரிஞ்ச எழுத்துல தமிழ் இல்லம்மா. நாமதான் அப்புறம் சொல்லித் தரணும்" என்றாள்.

சாவி

படிப்பு முடியும் முன்பே ஜெனிக்குப் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அவள் அதை வேண்டாம் என்றாள். ஊரப்பாக்கத்தில் மாடியில் இரண்டு அறை எடுத்து நடத்துகிற ஒரு சின்ன கம்பெனிக்குப் போகிறேன் என்றாள். மிஷின்கள் எழுந்திருக்கும்போது ஓடுகிற அந்த முதல் துண்டை எழுதுவதுதான் அங்கே வேலை. சம்பளம் பாதிகூட இல்லை.

செய்யூர்ப் பக்கம் என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியவர்கள். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் உலை இல்லை. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்ற ஒன்றைப் பார்த்த முதல் ஆள் நான். வெயிலானாலும் மழையானாலும் முதல் தேதியில் வருகிற காசின் அருமை எனக்குத் தெரிகிற மாதிரி என் மகளுக்குத் தெரியாது. அவளுக்கு அது தெரியாமல் வளர்த்ததும் நான்தான்.

நான் பேச ஆரம்பித்தால் பேசிக்கொண்டே போவேன். ஜெனியின் அப்பா இருந்தவரை, ஒன்றும் சொல்லாமல் உள்ளங்கையை மட்டும் தூக்கிக் காட்டுவார். போதும் என்று அர்த்தம். நானும் சட்டென்று நிறுத்திவிடுவேன். அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. ஜெனி அந்த வேலையை வேண்டாம் என்ற அன்றைக்குக் கை தூக்க யாரும் இல்லை.

ஜெனி எழுந்து உள்ளே போனாள். துணியை இரண்டு பையில் அடைத்தாள். ஊரப்பாக்கத்தில் தோழிகள் அறை எடுத்திருக்கிறார்கள், அங்கே இருந்துகொள்கிறேன் என்றாள். போகும்போது வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். எந்த நாளும் கையோடு எடுத்துப் போகாத சாவியை, கவனமாகத் தேடி எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

கால் பங்கு

முதலாளி பாஸ்கர் சார் ஏழு மணிவாக்கில் வந்தார். நல்ல மனிதர். ஆனால் எதற்கும் முதலில் கெட்டதைத்தான் நினைப்பார். அந்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகும்.

திரையைப் பார்த்தவுடனே நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"போச்சு மேடம். எவனோ பூந்துட்டான்."

"சார், கொஞ்சம் பாப்போம். சர்வீஸ்காரருக்குப் போன் போட்டுட்டேன்."

"இன்னாத்த பாக்குறது? போன வருஷம் ஈ.சி.ஆர்ல ஒரு ஓட்டல்ல இப்டித்தான் எல்லாத்தையும் பூட்டிட்டுத் துட்டு கேட்டானுங்க. மூஞ்சியப் பாருங்க, நம்மளப் பாத்து நக்கலா சிரிக்கிறான். பாட்டு வேற பாடுறான்." குனிந்து உற்றுப் பார்த்தார். "இன்னாது, காலா? கால் பங்கு கேக்குறானா?"

"யாருகிட்ட சார்?" பால் கேனோடு வந்து நின்ற முனுசாமி கேட்டான்.

"எங்கிட்டதான்டா. பக்கத்துலயே டைமண்டு போட்ருக்கான் பாரு."

"அப்ப அம்மா யாரு சார்? கதவு எது?"

"அது கோட்வேர்டுடா. நீ போய் வண்டிய ஓரமா போடு."

அன்று பன்னிரண்டு மணிக்கு ஒரு கல்யாணக் கூட்டம் வரவேண்டும். எங்கள் அறைகள் மொத்தமும் அவர்களுக்குத்தான். யாருக்கு எந்த அறை, யார் முன்பணம் கட்டியது, எத்தனை பேருக்குச் சாப்பாடு, எல்லாம் அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்தது.

சர்வீஸ்காரர் திருப்போரூரில் வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். மதியத்துக்கு மேல்தான் வரமுடியும் என்றார். போனிலேயே ஒன்றிரண்டு கேட்டார்.

"பென்டிரைவ் கிண்டிரைவ்னு ஏதாவது சொருகி வுட்டிருக்கீங்களா மேடம்?"

பார்த்தேன். இந்தக் கடலோரத்தில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. கதவுக் கீல், ஜன்னல் கம்பி, என் குடைக்கம்பி வரை தின்றுவிடும். கணினியின் முன்பக்கத் துளைகள் இரண்டும் எப்போதோ துருவேறிப்போய், அதன் மேல் நானே பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தேன். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப வைரஸாதான் இருக்கும். கை வெக்காதீங்க."

சந்தேகப்படும் நபர்

பாஸ்கர் சார் வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். புகார் எழுதவேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், ஓட்டலில் எந்த விண்ணப்பம் என்றாலும் என்னைத்தான் எழுதச் சொல்வார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இன்று காலை, எங்கள் ஓட்டல் கணினியில், அடையாளம் தெரியாத நபர்.

"அடையாளம் தெரியாத நபர், சரி. சந்தேகம் யார் மேலன்னு கேப்பாங்க மேடம். நம்மகிட்ட வேல செஞ்சுட்டுக் கோவிச்சுகினு போனவன் எவனாவது? தமிழ்ல போட்ருக்கான், உள்ளூர் ஆளுதான். இந்தக் காலத்துல நம்பர் வெச்சே போலீஸ்காரனுங்க வூடு வரைக்கும் வந்துடுவானுங்க."

வீடு வரைக்கும் என்று அவர் சொன்னபோது எனக்கு ஊரப்பாக்கத்து அறையின் கதவு தெரிந்தது. நான் பார்த்திராத கதவு. அதற்கு வெளியே காக்கிச்சட்டை. உள்ளே, வேலைக்குச் சேர்ந்து ஒரு சம்பளம்கூட வாங்காத பெண். கணினிக் குற்றம் என்று ஒரு முறை பெயர் அடிபட்டுவிட்டால், கணினியே பிழைப்பாக இருக்கிறவளை யார் சேர்ப்பார்கள்? பெரிய கம்பெனியும் இல்லை, சின்ன கம்பெனியும் இல்லை.

அவள்தான் செய்தாள் என்று நான் நம்பினேனா? நம்பினேன். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? இந்த வரி அவளுடையது. எங்கோ இருந்துகொண்டு, என் மேல் இருக்கிற கோபத்தில், எப்படியோ என் வேலையிடத்துக்குள் புகுந்து இதைப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளால் முடியும். நடுவில் எவனும் இல்லாமல் போகத் தெரிந்தவள்.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் புகார் போகும். பேனா அதே இடத்தில் நின்று மையை ஊற்றியது.

"சார், இது ஸ்டேஷனுக்குப் போக வேணாம்."

"ஏன் மேடம்?"

"அது என் பொண்ணு எழுதின வரி."

அவர் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தன வருஷமா இங்க கீறீங்க நீங்க? ஏன் மேடம், சம்பளம் பத்தலன்னா என்னாண்ட கேக்கலாம் இல்ல? பொண்ண வுட்டுத்தான் கேக்கணுமா?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அவ எங்கிட்ட பேசறதுகூட இல்ல."

"பேசாத பொண்ணுதான் அம்மா கதவத் தொறன்னு எழுதுமா?"

பாதி எழுதிய தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பன்னெண்டு மணி. அந்தப் பொண்ணு வந்து, எப்டிப் பூட்டுச்சோ அப்டித் தொறக்கட்டும். இல்லன்னா நான் ஸ்டேஷனுக்குப் போய்டுவேன். என்னத் தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு டிக்

திரையைப் போனில் படம் எடுத்து ஜெனிக்கு அனுப்பினேன். கீழே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. திட்டி எழுதினேன், அழித்தேன். கெஞ்சி எழுதினேன், அழித்தேன். கடைசியில் 'ஓட்டலுக்கு வா' என்று மட்டும் போட்டேன். ஒரு டிக் விழுந்தது. ஒரே ஒரு டிக். அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

அன்று காலை ஓட்டலில் எல்லாம் வழக்கம்போல்தான் நடந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அறையைக் காலி செய்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கணினி பழுது என்று சொல்லி, கையாலேயே பில் எழுதிக் கொடுத்தேன். புன்னகை செய்தேன். மறுபடியும் வாருங்கள் என்றேன். ஒரு குழந்தை மேசை விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "ஆண்ட்டி, கம்ப்யூட்டர் ஏன் சிரிக்குது?" என்றது. அதன் அம்மா இழுத்துக்கொண்டு போனாள்.

திரையை அணைக்க எனக்குத் துணிவில்லை. கை வைக்காதீர்கள் என்றது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வாரங்களுக்குப் பிறகு என் மகளிடமிருந்து எனக்கு வந்தது அந்த ஒரு வரிதான்.

சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம் தொடங்கியிருந்தது. வெயில் ஏற ஏற அது பெருகும். யாராவது ஒருவர் நிறுத்துவார், உடனே இன்னொருவர் ஆரம்பிப்பார். அதற்குப் பின்னால் கடல். இத்தனை வருடத்தில் அந்த இரண்டு சத்தமும் எனக்குக் கேட்காமலே பழகிவிட்டிருந்தது. அன்று இரண்டும் தனித்தனியாகக் கேட்டன.

யாரிடமாவது சொல்லலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அக்கா இருக்கிறாள். சொன்னால் பொழுது சாய்வதற்குள் உறவு முழுக்கப் போய்விடும். சர்ச்சில் பழக்கமானவர்கள் இருக்கிறார்கள். ஜெபிக்கிறோம் என்பார்கள், அடுத்த ஞாயிறு ஜெனியைப் பார்த்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பெயர்கள் முடிந்து பட்டியல் மறுபடி மேலே போய் நின்றது. ஜெனி அப்பா என்ற எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை.

பாஸ்கர் சார் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு முறை மட்டும் கேட்டார். "ஒரே பொண்ணா மேடம்?"

"ஒரே பொண்ணு சார்."

"எனக்கும் ஒண்ணு கீது. பத்தாவது. வாயத் தொறந்து பேசறதே இல்ல." அதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துக் கிழிக்கவில்லை.

எப்போது என்று கவனிக்கவில்லை, போனைத் திருப்பிப் பார்த்தபோது இரண்டு டிக் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீலமானது. அவள் உயிரோடு இருக்கிறாள், போனைக் கையில் வைத்திருக்கிறாள். அவள் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. பிறகு அதுவும் நின்றது. ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். வருவதாக இருந்தால் அப்படித்தான் வரவேண்டும். ஒவ்வொரு நிறுத்தமாக மனதுக்குள் நின்று நின்று வந்தேன். என் பஸ் இரண்டு முறை மாமல்லபுரம் வந்து சேர்ந்தது. அவள் அதில் இல்லை.

வந்தவள்

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால், பாஸ்கர் சார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டிச் சாவியைக் கையில் எடுத்தபோது, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஜெனி உள்ளே வந்தாள்.

இளைத்திருந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்திருந்தாள், சீவவில்லை. முதுகில் பை. என்னைப் பார்க்கவில்லை. நேராக மேசையைச் சுற்றி உள்ளே வந்து, திரைக்கு முன்னால் நின்றாள். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். அந்தக் குறிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள், நாம் பேப்பர் படிக்கிற மாதிரி.

பிறகு மேசைக்கடியில் குனிந்தாள். கணினியின் பின்பக்கம், ஒயர்களுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினாள். ஒரு சிவப்புப் பென்டிரைவோடு எழுந்தாள்.

"இத யாரு இங்க சொருகுனது?"

இரவுப் பணி முடிந்தும் வேடிக்கை பார்ப்பதற்காகவே வீட்டுக்குப் போகாமல் நின்ற முனுசாமி கையைத் தூக்கினான். "நாந்தான் பாப்பா. நேத்து அக்காதான் குடுத்து, முன்னாடி ஓட்ட துருப்புடிச்சுப் போச்சு, பின்னாடி சொருகுன்னுச்சு."

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. முதல் நாள், புது விலைப்பட்டியலை அச்சடிக்கக் கொண்டு போக ஒரு பென்டிரைவ் தேவைப்பட்டது. வீட்டில் ஜெனியின் மேசை இழுப்பறையில் கிடந்ததை எடுத்து வந்திருந்தேன். சொருகியதும் கணினி, இதை முழுவதும் அழித்து ஒழுங்குபடுத்தினால்தான் பயன்படுத்த முடியும், அழிக்கட்டுமா என்று கேட்டது. ஜெனியின் பொருள், உள்ளே என்ன வைத்திருக்கிறாளோ, அழிந்தால் அதற்கும் என்னோடு பேசாமல் இருப்பாள் என்று பயந்து, வேண்டாம் என்று அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பென்டிரைவ் அங்கேயே இருந்துவிட்டது.

ஜெனி கணினியை அணைத்து மறுபடி போட்டாள். நீலப் படம் வந்தது. அறைக் கணக்கு வந்தது. கல்யாணக் கூட்டத்தின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

"அவ்ளோதானா?" என்றார் பாஸ்கர் சார்.

"அவ்ளோதான் சார். கடைசியா இத ரிப்பேர் பண்ணவரு, முதல்ல பென்டிரைவப் பாருன்னு செட் பண்ணிட்டு அப்படியே வுட்டிருக்காரு. கரன்ட் போய் வந்ததும் அது உள்ள இருக்குற டிஸ்க்குக்குப் போகாம என்னோடத எடுத்துப் படிச்சிருக்கு."

"அப்ப நீ ஹேக்கர் இல்லியா?"

"இல்ல சார். பென்டிரைவ மறந்து வுட்டுட்டுப் போனவ."

"சரிம்மா, அந்த மூஞ்சி? எதுக்கு என்னப் பாத்து சிரிச்சான்?"

"அது மூஞ்சி இல்ல சார். வரி முடிஞ்சுதுன்னு சொல்ல, கடைசில ஒரு ஜீரோ வெக்கணும். இது நான் மொதல்ல எழுதுனது, வெக்க மறந்துட்டேன். அது எங்க நிறுத்துறதுன்னு தெரியாம, அதுக்கு அடுத்து நான் எழுதி வெச்சிருந்த ஆர்டரையெல்லாம் எழுத்துன்னு நெனச்சுப் போட்டுகினே போயிருக்கு. வரி எந்த எடத்துல ஆரம்பிக்குதுன்ற நம்பருதான் மூஞ்சியா வந்திருக்கு."

"கால்?"

"அடுத்த எழுத்த எடுன்னு அர்த்தம்."

"டைமண்டு?"

"நாலு எடம் தாண்டிப் போன்னு அர்த்தம்."

பாஸ்கர் சார் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனார். கல்யாண வேன்களின் ஹாரன் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எனக்கு நிமிர நேரமில்லை. பட்டுப்புடவைகள், பூக்கூடைகள், பெட்டிகள், எங்கள் ரூம் எது என்று ஒரே நேரத்தில் பத்துக் குரல்கள். சாவிகளைக் கொடுத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். ஜெனி மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முனுசாமி வாங்கி வந்து கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். போய்விடுவாளோ என்று ஒவ்வொரு சாவிக்கும் ஒரு முறை பார்த்தேன்.

கூட்டம் மாடிக்கு ஏறி முடிந்தபோது அவள் எழுந்து மேசைக்கு வந்தாள். விருந்தினர்கள் நிற்கும் அந்தப் பக்கத்தில் நின்றாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வாயைத் திறந்தேன். அவள் பென்டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து சரியாத் தூங்கலம்மா. நேத்து போன் சார்ஜ் போனதுகூடத் தெரியாம தூங்கிட்டேன்."

"ம்."

"சாவி எங்கிட்ட இல்ல," என்றாள். "நீ எந்த பஸ்ஸுக்கு வருவ?"